வாயாடிப் படை

ரெஜினாவுக்கு வேலை கிடைத்தது வாயால்தான். ராயப்பன்பட்டிப் பள்ளிக்கூடத்தில் எட்டு வருடம் அவளுடைய மதிப்பெண் அட்டையில் 'வகுப்பில் ஓயாமல் பேசுகிறாள்' என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுத்த சிஸ்டர்கள் யாரும் இதை நம்பவில்லை. அவள் அம்மாவும் நம்பவில்லை. "பேசுறதுக்குச் சம்பளமா? அப்ப ஒங்க சித்திக்குப் பென்ஷனே குடுக்கணுமேடி" என்றாள்.

நியமன ஆணையில் இருந்த பெயர் நீளமானது: மலைத்தீ மருத்துவ மீட்புக் குழு, ஏழுமடைப் பிரிவு. காட்டுத்தீயை அணைக்கப் போகிறவர்களுக்கு அடிபட்டாலோ புகை ஏறினாலோ, வண்டி போகாத பள்ளத்திலும் பாறையிலும் இறங்கி அவர்களை மீட்டு வருவது வேலை. அடிவாரத்தில் டீக்கடைக்காரர் முதல் வனக்காவலர் வரை எல்லாரும் சொன்ன பெயர் வேறு. வாயாடிப் படை.

காரணம் ஆள் எடுத்த விதம். மலையேறச் சொன்னார்கள், கயிற்றில் இறங்கச் சொன்னார்கள், எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடச் சொன்னார்கள். எல்லாம் முடிந்த பிறகு ஒரு நாற்காலியில் உட்காரவைத்து நாற்பது நிமிடம் நிறுத்தாமல் பேசச் சொன்னார்கள். மலையை ஏறி வென்றவர்கள் பாதிப்பேர் அந்த நாற்காலியில்தான் கவிழ்ந்தார்கள். ரெஜினா தன் அக்காள் கல்யாணப் பந்தியில் பாயசம் தீர்ந்துபோன கதையை எடுத்தாள். ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில் தேர்வாளர் கையெடுத்துக் கும்பிட்டார். கதையில் பாயசம் அப்போதுதான் அடுப்பில் ஏறியிருந்தது.

எல்லாம் அந்த ஊசி செய்த வேலை. முதல் நாள் வகுப்பில் டாக்டர் நஸ்ரீன் அதைக் கையில் தூக்கிக் காட்டினார். பேனா அளவுதான் இருந்தது.

"மூச்சு ஊசி. துணிக்கு மேலயே வச்சுத் தொடையில ஒரு அழுத்து. மருந்து ரத்தத்துல கலந்துட்டா நாப்பது நிமிஷத்துக்கு வேண்டிய ஆக்சிஜனை அதுவே குடுக்கும். சுத்திப் புகையா இருந்தாலும் நெஞ்சு நெறைய இழுக்க வேண்டியதில்ல. இது நல்ல சேதி." டாக்டருக்கு உத்தமபாளையம். கெட்ட சேதியைக் கூடச் சிரித்துக்கொண்டே சொல்வார். "நம்ம மூளைக்குள்ள ஒரு வாட்ச்மேன் இருக்கான். மூச்சு விடு, மூச்சு விடுன்னு கத்துறதுதான் அவன் வேலை. இந்த மருந்து அவனைத் தூங்க வச்சிரும். மருந்து நாப்பது நிமிஷத்துல தீரும். அவன் எந்திரிக்க அம்பது நிமிஷம் ஆகும். நடுவுல இருக்குற பத்து நிமிஷம்தான் எமன். உங்களுக்கு முட்டாது, திணறாது. சொகமா உக்காந்து சிரிச்சுக்கிட்டே போயிருவீங்க."

"அப்ப என்ன மேடம் செய்யிறது?" என்று கேட்டார் ரெஜினாவுக்கு இணையாகப் போட்டிருந்த கதிரேசன்.

"பேசணும். மூச்சு விடாம எவனும் பேச முடியாது. அதனால பேசுறவன் சாகமாட்டான். சடுகுடு மாதிரின்னு வச்சுக்கங்க. பாட்டு நின்னா அவுட்டு."

வகுப்பு சிரித்தது. டாக்டர் இன்னும் இரண்டு விதி சொன்னார். ஊசி போட்டவர் வாயில் துண்டோ முகமூடியோ இருக்கக் கூடாது. உதடு நீலமாகிறதா என்று பார்க்க வேண்டும், குரல் தெளிவாகக் கேட்க வேண்டும். இன்னொன்று, ஊசி போட்டவன் எவனும் போட்டதாக ஒத்துக்கொள்ள மாட்டான். மருந்து தலைக்கு ஏறிவிடும். குடித்தவன் 'நான் எங்கடா குடிச்சேன்' என்று கேட்பது போலத்தான். நம்பக் கூடாது. அதற்குச் சாட்சியாகக் கதிரேசனுக்கே ஒன்று போட்டுக் காட்டினார்கள். காலியான ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டு, தன் குலதெய்வத்தின் மீது சத்தியமாக இன்னும் போடவில்லை என்று அந்த மனிதர் அரை மணி நேரம் வாதாடினார். அன்று சிரித்த சிரிப்பில் ரெஜினாவுக்கு விலா வலித்தது.

"ரெண்டு போட்டா எம்பது நிமிஷம் வருமா மேடம்?" என்று அவள் கேட்டாள்.

"ஆக்சிஜன் எம்பது நிமிஷம் வரும். வாட்ச்மேன் மூணு மணி நேரம் தூங்குவான். மிச்ச நேரத்துக்கு ஒனக்குப் பேச்சுத்துணைக்கு யாரு வருவா? அவனை எழுப்புற மாத்து ஊசி முகாம்லயும் ஆம்புலன்ஸ்லயும் இருக்கு, ஆனா அதை ஃப்ரிட்ஜை விட்டு வெளிய எடுக்க முடியாது." பிறகு டாக்டர் சிரிக்காமல் சொன்னார்: "போன கோடையில ஒருத்தர் செத்துப்போனாரு. ஒத்தை ஊசிதான். கூச்ச சுபாவம். கூட இருந்தது புது ஆளு. அவர்கிட்ட என்ன பேசுறதுன்னு வெக்கப்பட்டே போயிட்டாரு. அதுக்கப்புறம்தான் உங்களை மாதிரி ஆளுங்களைத் தேட ஆரம்பிச்சோம்."

ஊசி வந்ததில் இன்னொன்றும் நடந்தது. முன்பெல்லாம் தீக்காவலர் ஒவ்வொருவருக்கும் வடிகட்டி வைத்த முகமூடி ஒன்று உண்டு. ஊசிதான் இருக்கிறதே, முகமூடி எதற்கு என்று மேலே யாரோ ஒரு புத்திசாலி கேட்டார். இரண்டு பேருக்கு ஒன்று என்று ஆனது. முன்பு எட்ட நின்று அணைத்த தீயை இப்போது கிட்டப் போய் அணைக்கச் சொன்னார்கள். உயிரைக் காக்க ஒன்று வந்தால், அந்த அளவுக்கு உயிரைக் கூடுதலாகச் செலவழிக்கலாம் என்று கணக்குப் பார்ப்பவர்கள் எல்லாக் காலத்திலும் இருக்கிறார்கள்.

ஏழுமடைக் காட்டில் அந்தச் செலவுக்கு உட்பட்டவர்கள் எட்டுத் தீக்காவலர்கள். அவர்களில் மூத்தவர் வீரணன், வயது நாற்பத்தாறு. பேசாத மனிதர். பேசத் தெரியாதவர் என்று சொல்ல முடியாது, பேச்சைக் கண்டால் ஒதுங்கிப்போகிறவர். அவர் ஒரு நாளைக்கு எத்தனை வார்த்தை பேசுவார் என்று முகாமில் டீ பந்தயம் நடக்கும். இதுவரைக்கும் அதிகபட்சம் பதினொன்று. அது கரடி வந்த நாள், அதில் மூன்று வார்த்தை 'கரடி'. ரெஜினா வந்த புதிதில் அவரோடு பேச ஆசைப்பட்டு ஒரு மணி நேரம் பேசினாள். அவர் 'ம்' என்று சொல்லி எழுந்து போய் விறகு பிளந்தார். விறகு தேவைப்பட்டிருக்கவில்லை என்று சமையல்காரர் பிறகு சொன்னார்.

பங்குனி மாதம் பிறந்து மூன்றாவது நாள், உச்சி வெயிலில், மேற்குச் சரிவில் சுக்குநாறிப் புல் பற்றியது. அந்தப் புல்லில் எண்ணெய் உண்டு. ஆள் உயரத்துக்கு வளர்ந்து காய்ந்து நிற்கும்போது ஒரு பொறி போதும். காவலர்கள் தீயின் முன்னால் போய் எதிர்த்தீ வைத்தார்கள். கால் மணி நேரத்தில் காற்று திரும்பியது. எட்டுப் பேரும் மேட்டுக்கு ஓடினார்கள். மேட்டில் எண்ணினால் ஏழு பேர்.

ட்ரோன் போய்த் தேடிப் பார்த்தது. வீரணன் ஓடைப் பள்ளத்தில், ஒரு நீர்க்குழிக்குப் பக்கத்தில் கிடந்தார். வலது கால் பார்க்கக் கூடாத பக்கமாகத் திரும்பியிருந்தது. முகத்தில் நனைத்த துண்டு. ட்ரோனைக் கண்டதும் ஒரு கையைத் தூக்கிக் காட்டினார், கூப்பிடுகிற மாதிரி இல்லை, போ போ என்கிற மாதிரி. பள்ளத்துக்குள் புகை இறங்கிக்கொண்டிருந்தது.

இறங்க வேண்டியது ரெஜினாவின் முறை. அவளுக்கு அது முதல் இறக்கம். கதிரேசன் மேலே கயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

"திரும்ப மேல ஏற முடியாது, தீ வந்துரும்" என்றார் கதிரேசன். "அவரைக் கூட்டிக்கிட்டு ஓடையோட கீழ எறங்கிரு. மொத நாப்பது நிமிஷம் பொகை இருக்கும். ஓடை வளைஞ்சதுக்கப்புறம் காத்து நல்லா இருக்கும். மாட்டுப்பாறையில ஆம்புலன்ஸ் நிக்கும். ரெண்டு ஊசிதான் இருக்கு, ஒனக்கு ஒண்ணு அவருக்கு ஒண்ணு. பேச்சை மட்டும் விட்றாத."

"அதைப் போயி ஏண்ணே எங்கிட்டச் சொல்றீங்க" என்றாள் ரெஜினா.

"ஒனக்குச் சொல்லல. அவரைப் பேச வைக்கணுமே தாயி, அதை நெனச்சாத்தான் எனக்குப் பயமா இருக்கு."

பாதிக் கயிற்றிலேயே புகை வந்து மூடியது. ரெஜினா முதல் ஊசியை எடுத்துத் தன் தொடையில் அழுத்தினாள். பத்து எண்ணுவதற்குள் இருமல் நின்றது. பிறகு ஒரு மாதிரி இனித்தது. மாதா கோயில் திருவிழா ராட்டினத்தில் உச்சிக்குப் போய் இறங்கும்போது வயிற்றுக்குள் கூசுமே, அந்தக் கூச்சம் உடம்பெங்கும் பரவியது. பாறை அழகாக இருந்தது. கயிறு அழகாக இருந்தது. கீழே தீயணைக்கிற ஒரு மனிதர் காலை முறித்துக்கொண்டு கிடப்பதும், அவரைப் பேசவைக்க உலகத்திலேயே வாயாடியான தன்னை அனுப்பியிருப்பதும் நினைக்க நினைக்கச் சிரிப்பாக வந்தது. அவள் சத்தமாகத் தனக்குத்தானே பாயசக் கதையைச் சொல்லிக்கொண்டே இறங்கினாள்.

வீரணன் இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடந்தார். அங்கே ஓர் ஆள் உட்காரத்தான் இடம். அவரை இடித்துக்கொண்டு, அவர் மடியில் பாதியும் தண்ணீரில் பாதியுமாக மண்டியிட்டு, இரண்டாவது ஊசியை எடுத்துக் காக்கித் துணியின் மேல் வைத்து அழுத்தினாள். டக் என்றது. அதே நேரம் உண்ணிமுள் ஒன்று அவள் தொடையில் சுருக்கென்று ஏறியது. இந்தக் காட்டில் எங்கே உட்கார்ந்தாலும் முள். அவள் கைக்கடிகாரத்தை நாற்பதுக்குத் திருப்பினாள்.

"ஆச்சுண்ணே. இனிமே கவலையே இல்ல. பேசிக்கிட்டே வந்தாப் போதும்."

வீரணன் துண்டை விலக்கினார். "எனக்குப் போடல தாயி" என்றார்.

ரெஜினா கடகடவென்று சிரித்தாள். குலதெய்வம் மட்டும்தான் பாக்கி.

"எல்லாரும் அப்படித்தாண்ணே சொல்லுவாங்க."

"இல்ல தாயி. ஒனக்கே—"

"கதிரேசண்ணனும் இதையேதான் சொன்னாரு. சாமி மேல சத்தியம் பண்ணுங்க, அதையும் கேட்டுக்கறேன்."

"சத்தியமாப் போடல."

"பாத்தீங்களா" என்று அவள் கையைத் தட்டினாள். இவ்வளவு சீக்கிரம் மருந்து பிடிக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. வீரணன் அவள் பக்கம் திரும்பினார். அவளுடைய கண்ணைப் பார்த்தார், உதட்டைப் பார்த்தார், பையில் கிடந்த இரண்டு காலி ஊசிகளைப் பார்த்தார். பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, "சரி, கட்டுப் போடு" என்றார்.

காலுக்கு இரண்டு பக்கமும் குச்சி வைத்துக் கட்டினாள். அவர் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு எழுப்பினாள். அவர் ஒற்றைக் காலில் தத்த, இவள் தாங்க, ஓடைக்குள் இறங்க ஆரம்பித்தார்கள். வீரணன் துண்டைத் திரும்ப முகத்தில் சுற்றினார்.

"துண்டை எடுங்கண்ணே. விதி அது. ஒதடு தெரியணும்."

அவர் எடுக்கவில்லை. அவளே உருவித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அடுத்த பத்து நிமிடம் ரெஜினாவின் வாழ்க்கையிலேயே கஷ்டமான பத்து நிமிடம். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டாள். "ம்." மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்டாள். "ம்." 'ம்' கணக்கில் சேராது, அது மூக்கு வழியாகவே முடிந்துவிடும். சிரிப்புக்கு நடுவே அவளுக்கு உண்மையிலேயே பயம் வந்தது. போன கோடையில் செத்த அந்தக் கூச்சக்காரர் ஞாபகம் வந்தது. முதல் ஆளையே பறிகொடுத்துவிட்டுப் போய் அம்மாவிடம் என்ன சொல்வது? பேச்சால் வேலை கிடைத்தவள் கையில் பேச்சு வராமல் ஒருவர் செத்தார் என்று ஊர் சிரிக்கும்.

வழியில் ஒரு பெரிய மரம் வேரோடு சாய்ந்து கிடந்தது. "நல்ல தேக்கு" என்றாள், சும்மா ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"வேங்கை" என்றார் வீரணன்.

ரெஜினா நின்றுவிட்டாள். இதுவா சாவி? பரிசோதித்துப் பார்த்தாள்.

"தேக்குதாண்ணே. எங்க மாமா மரக்கடை வச்சிருக்காரு."

"மரக்கடை வச்சா? வேங்கையில செவப்பா ரத்தமாட்டம் பால் வடியும். அங்க பாரு, ஒடிஞ்ச கெளையில. தேக்குல எங்க வடியுது?"

பதினொன்று என்ற சாதனை ஒரே மூச்சில் முறிந்தது. ரெஜினாவுக்குப் பறக்கலாம் போல இருந்தது. இந்த மனிதரிடம் கேள்வி கேட்டால் வராது. தப்பாகச் சொன்னால் வரும். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார், உலகத்தில் ஒரு தப்பு கிடந்தால் தாண்டிப்போகவும் மாட்டார். அப்படிப்பட்டவர்கள் உண்டு.

அவ்வளவுதான், அவள் தப்புத் தப்பாக அவிழ்த்துவிட ஆரம்பித்தாள். கரடிக்கு வாலே கிடையாது என்றாள். உண்டு, கொஞ்சூண்டு உண்டு என்றார். தேன் எடுக்க அமாவாசைதான் ஆகாத நாள் என்றாள். எவன் சொன்னான், அமாவாசைக்குத்தான் அடை கனக்கும் என்றார். காமயகவுண்டன்பட்டி சடுகுடு இறுதி ஆட்டத்தில் அவருடைய அணி பத்துப் புள்ளியில் தோற்றதாகவும், கடைசியில் பிடிபட்டது அவர்தான் என்றும் கேள்விப்பட்டதாகச் சொன்னாள். அவர் இளமையில் அப்படி ஓர் ஆட்டம் ஆடினார் என்பதே சமையல்காரர் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

"பத்தா? ரெண்டு புள்ளி. புடிபட்டது என் மச்சினன். நான் கோட்டைத் தொட்டுட்டேன். நடுவரு பாக்கல." இருமினார். "இன்னைக்கும் சொல்லுவேன், தொட்டுட்டேன்."

இருமல் நல்ல அறிகுறி, காற்று போய் வருகிறது என்று அவள் சந்தோஷப்பட்டாள். கடைசியாகத் தன் பிரம்மாஸ்திரத்தை எடுத்தாள்.

"கருவாட்டுக் கொழம்புக்குத் தேங்கா அரைச்சு ஊத்துனாத்தாண்ணே ருசி."

வீரணன் ஒற்றைக் காலில் நின்றுவிட்டார். முகம் அவமானப்பட்டவர் முகம் போல ஆயிற்று.

"எவன் சொன்னான்?"

"எங்க வீட்ல அப்படித்தான்."

"கருவாட்டுக்குத் தேங்காயா? புளி, மொச்சை, கத்திரிக்கா. நல்லெண்ணெய். ஒரு நாள் வச்சு மறுநாள் திங்கணும். தேங்காய ஊத்துனா அது கொழம்பா? அது என்ன, கருவாட்டுக்குப் பாலு குடுத்து வளக்கவா?"

அந்தக் குழம்பு ஒன்றிலேயே கால் மணி நேரம் ஓடியது. நாற்பதாவது நிமிடம் கைக்கடிகாரம் அடித்தது. ரெஜினா அவர் முதுகில் தட்டித் தட்டி, இழுங்க, விடுங்க என்று பத்து நிமிடம் எண்ணினாள். அவர் இழுத்தார், விட்டார். அருமையாக மூச்சு வந்தது. ஓடை வளைந்தது. புகை விலகி வெயில் விழுந்தது. செய்துவிட்டேன் என்று அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

"ஒனக்கு?" என்றார் வீரணன். குரல் உமி கலந்த மாதிரி கரகரத்தது. "ஒனக்கு வாட்ச்மேன் எந்திரிச்சானா?"

"நாந்தான் பேசிக்கிட்டே இருக்கேனேண்ணே."

"பேசு. நிறுத்தாத."

இனி பேச வேண்டிய அவசியம் இல்லையே என்று அவளுக்குத் தோன்றியது. வேலை முடிந்தது. வெயில், தண்ணீர்ச் சத்தம், காலடியில் குளிர்ந்த மணல். உட்கார்ந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். அவள் ஒரு பாறையில் உட்கார்ந்தாள். பிறந்ததிலிருந்து ஓடிக்கொண்டிருந்த வாய் முதல் முறையாகத் தானாக ஓய்ந்தது. அந்த அமைதி தேன் மாதிரி இருந்தது.

"ராயப்பன்பட்டியில மாதா கோயிலே கெடையாதாம்ல" என்றார் வீரணன்.

தேனில் கல் விழுந்தது. "யாரு சொன்னா? எம்மாம் பெரிய கோயிலு."

"சின்ன மண்டபம்தான்னு சொன்னாங்க. தேரும் இல்லையாம். சப்பரமாம். அதையும் ரெண்டு பேர் தூக்குவாங்களாம்."

அவள் எழுந்தேவிட்டாள். தேரின் உயரம், விளக்கு அலங்காரம், பூ, பேண்டு வாத்தியம் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே நூறு அடி நடந்தாள். மருந்து கடைசியில்தான் மனிதருக்கு நாக்கை அவிழ்த்திருக்கிறது, அதுவும் ஒரே பொய்யாக வருகிறது என்று நினைத்தாள். அவர் விடவில்லை. கம்பத்துத் திராட்சை புளிக்கும் என்றார். நர்சு படிப்பு என்றால் ஆறு மாதம்தானே என்றார். அக்காள் கல்யாணத்தில் பாயசம் தீரவே இல்லை, சமையல்காரர்தான் ஒளித்துவைத்தார் என்றார், ஏதோ நேரில் பார்த்தவர் போல. ஒவ்வொன்றுக்கும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல அவள் ஒரு வாய் காற்றை இழுத்தாள்.

கடைசி முக்கால் மைலில் அவளுக்குச் சொல்லவும் எதுவும் இல்லாமல் போயிற்று. தலைக்குள் ராட்டினம் உச்சியிலேயே நின்றுவிட்டது. அப்போது வீரணன் அவள் தோளில் இருந்த கையால் முதுகில் ஒரு போடு போட்டு, உமிக்குரலில் ஆரம்பித்தார்: "சடுகுடு சடுகுடு சடுகுடு..." நின்றார். "ஒன்னால பாட முடியாது. பொம்பளைப் புள்ளைக்கு ஏது தம்மு."

"யாருக்கு தம்மு இல்ல?" என்றாள் ரெஜினா. "சடுகுடு சடுகுடு சடுகுடு..."

இப்படி இரண்டு பேரும் மாறி மாறிப் பாடிக்கொண்டு, மூன்று காலில் தள்ளாடிக்கொண்டு மாட்டுப்பாறைக்கு வந்து சேர்ந்ததை ஆம்புலன்ஸ் ஓட்டுநர் இன்றும் நடித்துக் காட்டுகிறார். ஆம்புலன்ஸோடு வந்திருந்த டாக்டரைப் பார்த்ததும் வீரணன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. ரெஜினாவைக் காட்டி, இரண்டு விரலைத் தூக்கினார். வெற்றிச் சின்னம் என்று எடுத்துக்கொண்டு ரெஜினாவும் இரண்டு விரலைக் காட்டினாள். டாக்டர் நஸ்ரீன் மட்டும் சிரிக்காமல் வண்டிக்குள் இருந்த ஃப்ரிட்ஜுக்கு ஓடினார்.

மறுநாள் காலை அடிவார மருத்துவமனையில் ரெஜினா கட்டிலில் உட்கார்ந்து நர்சுகளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். தப்பாகச் சொல்லி ஒருவரைப் பேசவைப்பது எப்படி என்பது கதை. எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். டாக்டர் வந்து, அவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ரத்தப் பரிசோதனை வந்திருச்சு. ஒன் ரத்தத்துல மருந்து ரெண்டு பங்கு இருக்கு."

"ஒண்ணுதான மேடம் போட்டேன். இன்னொண்ணு அண்ணனுக்கு..."

"அவர் ரத்தத்துல ஒரு சொட்டு இல்ல."

ரெஜினா போர்வையை விலக்கினாள். தொடையைத் தடவிப் பார்த்தாள். உண்ணிமுள் ஏறியதாக அவள் நினைத்த இடம் இன்னும் வலித்தது. அன்று அவளும் காக்கிதான் போட்டிருந்தாள்.

"அவர் ஒங்கிட்டச் சொல்லலையாம்மா?"

"சொன்னாரு" என்றாள். "மூணு தடவ சொன்னாரு. சத்தியம் பண்ணாரு. நான் கைதட்டிச் சிரிச்சேன்."

"நாந்தான் அப்படிச் சொல்லிக் குடுத்தேன்" என்றார் டாக்டர். "மூணு மணி நேரம் ஒனக்குப் பேச்சுத்துணை வேணும்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. நான் முகாம்ல எல்லாருக்கும் சொன்னதுதானே."

"அவருக்கு எப்படி இருக்கு?"

"காலு சேந்துரும். நுரையீரலும் பரவாயில்ல. தொண்டைதான். ஈரத்துண்டைக் கட்டிக்கிட்டு வாயைத் தெறக்காம வந்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. அத்தனை சூட்டையும் பொகையையும் இழுத்து இழுத்துப் பேசியிருக்காரு. குரல் நாண் வெந்துபோச்சு. பேச்சு வருமா, வராதான்னு என்னால இப்பச் சொல்ல முடியல."

அந்தத் துண்டு ஓடை நெடுக அவள் இடுப்பில்தான் இருந்தது. அவளே உருவினாள். ரெஜினா எழுந்து அடுத்த வார்டுக்குப் போனாள்.

வீரணன் சாய்ந்து படுத்திருந்தார். கழுத்தில் கட்டு. மடியில் ஒரு சின்ன சிலேட்டு, நர்சு கொடுத்தது. அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள். மன்னிப்புக் கேட்க வந்தவள். வழி நெடுக வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டு வந்தவள். ஒன்றும் வரவில்லை. ஒரு நிமிடம் ஆயிற்று, இரண்டு நிமிடம் ஆயிற்று. அழுகை நெஞ்சில் கட்டியாக நின்றதில் அவள் மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வீரணன் அவள் உதட்டைப் பார்த்தார். முகத்தில் கவலை வந்தது. கட்டிலின் இரும்பை விரலால் தட்டினார், பேசு என்பது போல. அவள் தலையை ஆட்டினாள். அவர் சிலேட்டை எடுத்து, நிதானமாக, கோணல்மாணலாக எழுதித் திருப்பிக் காட்டினார்.

'கருவாட்டுக் கொழம்புக்குத் தேங்காய் ஊத்தலாம்.'

ரெஜினா அதைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். நெஞ்சுக்குள் கட்டி உடைந்து, சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று பொத்துக்கொண்டு வந்தது. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள்.

"எவன் சொன்னான்?" என்றாள்.